குளிர்காலத்தில் வயதானவர்களைச் சாப்பிடவும் குடிக்கவும் வைப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: அம்மாவுக்கு 79 வயது, எடை 55 கிலோ. குளிர் தொடங்கியதும் தண்ணீர் குடிப்பது பாதியாகிவிடுகிறது, சாப்பாடும் குறைகிறது. கேட்டால் "தாகமே எடுக்கலை, பசிக்கவும் இல்லை" என்கிறார். வற்புறுத்தினால் கோபப்படுகிறார். என்ன செய்யலாம்?

அம்மா சொல்வது உண்மை. அவருக்குத் தாகம் எடுப்பதில்லை. அதனால் "தாகமா இருக்கா?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

வயது ஏற ஏற தாக உணர்வு மங்குகிறது. சிறுநீரகத்துக்கு நீரைச் சேமித்துக் கெட்டியான சிறுநீராக வெளியேற்றும் திறன் குறைகிறது. உடலில் நீரைத் தேக்கிவைக்கும் பெரிய இடம் தசை. அதுவும் வயதோடு கரைகிறது. குளிர் இதன்மேல் இன்னொரு வேலை செய்கிறது. தோல், கை, கால்களில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு வந்து சேர்கிறது. அங்கே ரத்தம் கூடியிருப்பதை உணரும் உடல், நீர் தேவைக்கு மேல் இருக்கிறது என்று தப்புக்கணக்குப் போடுகிறது. நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் குறைகிறது. சிறுநீர் கூடுதலாகப் போகிறது. இருந்த கொஞ்சத் தாகமும் அடங்குகிறது. ஹீட்டர் ஓடும் அறை என்றால் உலர்ந்த காற்று மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஈரத்தை இழுக்கும். வியர்வை இல்லையே, நீர் எங்கே போகப்போகிறது என்று நினைப்பது இதனால்தான் தவறு.

எவ்வளவு குடிக்க வேண்டும்? ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் முதியோருக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், பானங்களாக மட்டும் பெண்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் என்கிறது. உணவில் இருக்கும் நீர் இதில் சேராது. வெறும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பால், டீ, காபி, பழச்சாறு எல்லாமே கணக்கில் வரும். தெளிவான சூப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். டீ, காபி உடலை வறட்டிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. வழக்கமாகக் குடிக்கும் அளவில் அப்படி நடப்பதில்லை. குளிர்காலத்தில் அம்மா விரும்பிக் குடிக்கும் ஒரே பானம் டீ என்றால் அதைத் தடுக்காதீர்கள். ரத்தசோகை இருப்பவர்கள் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும், டீ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

இதய பலவீனம், முற்றிய சிறுநீரக நோய், ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் உச்சவரம்புதான் கணக்கு. எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் மூன்று, நான்கு லிட்டர் என்று ஏற்றிக்கொண்டே போவது நல்லதல்ல. குறிப்பாக ரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரைக் கூட்டும் தயசைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அப்போது வரும் மந்தமும் குழப்பமும் நீர்ச்சத்துக் குறைவைப் போலவே இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும்.

முதல் வேலையாக, அம்மா வழக்கமாகக் குடிக்கும் டம்ளரையும் கப்பையும் அளந்து பாருங்கள். "எட்டு டம்ளர் குடிக்கிறார்" என்று சொல்லப்படும் வீடுகளில் டம்ளர் 120 மில்லியாக இருக்கும், அதிலும் கால் பங்கு மிச்சம் வைக்கப்பட்டிருக்கும். மூன்று நாள்கள் கொடுத்ததையும் மிச்சமானதையும் எழுதி வையுங்கள். 900 மில்லிதான் உள்ளே போகிறது என்றால் மறுநாளே 1600-க்குத் தாவ வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கப் கூட்டினால் போதும். சிறுநீர்ப்பையும் பழகிக்கொள்ளும்.

ஏன் குடிக்க மறுக்கிறார் என்பதற்கு, தாகமின்மையைவிடப் பெரிய காரணம் பெரும்பாலும் ஒன்று உண்டு. அதை அவராகச் சொல்ல மாட்டார். குளிரில், இருட்டில், போர்வையை விலக்கி எழுந்து கழிவறைக்குப் போக வேண்டுமே என்ற பயம். விழுந்துவிடுவோமோ, அதற்குள் நனைந்துவிடுமோ என்ற கூச்சம். இந்தப் பயத்தைத் தீர்க்காமல் எத்தனை பாட்டில்களைப் பக்கத்தில் வைத்தாலும் அவை நிரம்பியே இருக்கும். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வழுக்காத செருப்பு, தேவைப்பட்டால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி: தண்ணீர் குடிக்கவைக்கும் முயற்சியில் பாதி இங்கேதான் இருக்கிறது. மீதிப் பாதி நேரத்தைச் சார்ந்தது. குறைவாகக் குடிக்கச் சொல்லாமல், சீக்கிரமாகக் குடித்து முடிக்கச் சொல்லுங்கள்.

ஏழரைக்கு எழுந்து ஒன்பதரைக்குப் படுப்பவர் என்றால் இப்படிப் பிரிக்கலாம். எழுந்ததும் வெதுவெதுப்பான நீர் 200 மில்லி. காலை உணவோடு பால் 200. பதினோரு மணிக்கு டீ 200. மதியம் சூப் 200. இரண்டரைக்கு ஏதாவது 200, நாலு மணிக்கு டீ 200, ஐந்தரைக்கு 200. இங்கேயே 1400 ஆகிவிட்டது. இரவு உணவோடு 150, மாத்திரை விழுங்க 50. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் பெரிய கப்கள் முடிந்துவிடுகின்றன. நீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் எடுப்பவர்களானால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் எழுந்திருப்பது பலருக்கு அதனாலேயே குறையும். கால் வீக்கம் உள்ளவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்து உட்கார்ந்தால், காலில் தேங்கிய நீர் படுக்கைக்குப் போகும் முன்பே இறங்கிவிடும்.

குடிக்கக் கொடுக்கும் விதமும் முக்கியம். "தண்ணி வேணுமா?" என்றால் "வேண்டாம்" என்று வரும். "டீயா, பாலா?" என்று கேட்டால் இரண்டில் ஒன்று வரும். கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனால் ஆறிப்போன கப் திரும்பி வரும். நீங்களும் ஒரு கப் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் காலியாகும். கை நடுங்குபவர்களுக்கு இரண்டு பக்கமும் பிடி உள்ள, எடை குறைந்த கப். அதையும் முக்கால் அளவே நிரப்புங்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது, சூடான பானம் சிந்தினால் சட்டென்று ஆழமாகப் புண்ணாகும். 60 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டுக் கொடுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் வழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

நீர்ச்சத்துக் குறைவைக் கண்டுபிடிக்க நம்மில் பலர் நம்பும் அடையாளங்கள் இந்த வயதில் கைவிட்டுவிடும். தோலைக் கிள்ளிப் பார்ப்பது பயனில்லை, வயதான தோல் எப்படியும் மெதுவாகத்தான் படியும். வாய் உலர்வதற்கு மாத்திரைகளே காரணமாக இருக்கலாம். சிறுநீரின் நிறமும் நம்பகமானதல்ல. நீரைச் சேமிக்க முடியாத சிறுநீரகம், உடல் வறண்டிருக்கும்போதும் வெளிர் நிறத்திலேயே சிறுநீரை விடும். மேலே சொன்ன அதே வழிகாட்டுதல், முதியோரிடம் இவற்றை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்கிறது. ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது அதில் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு, கிலோவுக்கு 300 மில்லி ஆஸ்மோலுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைதான் சரியான அளவுகோல். வீட்டில் கவனிக்க வேண்டியது மாற்றத்தை: நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்புவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, எழுந்து நின்றதும் தலைசுற்றுவது, சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைவது, புதிதாக மலச்சிக்கல் வருவது. திடீர்க் குழப்பமும் தூக்கமும் வந்தால் "வயசாச்சு" என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி சாப்பாடு. குளிர்காலத்தில் பகல் சுருங்குகிறது. தாமதமாக எழுகிறார்கள், சீக்கிரம் படுக்கிறார்கள். இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் ஒன்பதரைக்குத்தான் காலை உணவைத் தொடுகிறார் என்றால் இடையில் பதினாலரை மணி நேரப் பட்டினி. மூன்று வேளை என்ற பெயர் இருந்தாலும் உள்ளே போவது இரண்டு வேளைதான். இந்த இடைவெளியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவருவதே முதல் திருத்தம். இரவு எட்டரை மணிக்குச் சின்னக் கிண்ணத்தில் தயிர் அல்லது அரை கப் பால், காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் உணவு.

55 கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1650 கலோரி தேவை, கிலோவுக்கு 30 என்ற கணக்கில். புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், ஆக 55 முதல் 66 கிராம். நோயிலிருந்து தேறுபவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வயதான தசைக்கு ஒரு வினோதமான பிடிவாதம் உண்டு: சிறு அளவுப் புரதம் வந்தால் அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஒரே வேளையில் 25 கிராம் அளவுக்கு வந்தால்தான் தசை கட்டும் வேலை முழு வேகத்தில் நடக்கும். பெரும்பாலான வீடுகளில் காலை உணவுதான் ஓட்டை. இரண்டு துண்டு ரொட்டி, ஒரு கப் டீ என்றால் ஏழு, எட்டு கிராமுக்கு மேல் தேறாது. தசை கரைந்தால் நடை தளரும் என்பதோடு, குளிரில் உடலுக்குச் சூடு தருவதும் அந்தத் தசைதான் என்பதால் இது குளிர்காலத்தில் இரட்டை நஷ்டம்.

காலையில் இரண்டு முட்டை 12 கிராம், அதோடு 200 மில்லி செறிவூட்டிய பால் 13 கிராம். மதியம் கெட்டியாக வேகவைத்த பருப்பு 150 கிராம், சோறு 150 கிராம், தயிர் 100 கிராம் சேர்ந்து சுமார் 21. இரவு 75 கிராம் மீனும் ஒரு துண்டு ரொட்டியும் சுமார் 20. மொத்தம் 66. மீன் சாப்பிடாதவர்களுக்கு அந்த இடத்தில் பன்னீர், சோயா, இன்னொரு வேளைப் பருப்பு.

செறிவூட்டிய பால் செய்ய 500 மில்லி கொழுப்பு நீக்காத பாலும் 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் போதும். பவுடர் மட்டமாக எடுத்தால் ஆறேழு மேசைக்கரண்டி வரும். பாலின் புரதம் இரட்டிப்பாகிறது, குடிக்கும் அளவோ கிட்டத்தட்ட அதேதான். பவுடரைச் சூடான பாலில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். முதலில் 50 மில்லி ஆறிய பாலில் பசைபோல் குழைத்து, பிறகு மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். சூடாக்கும்போது சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், சாதாரணப் பாலைவிட வேகமாக அடிப்பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரே நாளில் தீர்த்துவிடுங்கள். டீக்கும் கஞ்சிக்கும் சூப்புக்கும் இதையே ஊற்றினால் அம்மா எதையும் கூடுதலாகச் சாப்பிட வேண்டியதில்லை. வயிறு உப்பினாலோ பேதியானாலோ பவுடரைப் பாதியாக்கித் தொடங்குங்கள். சர்க்கரை நோய் இருந்தால் பவுடரோடு லாக்டோஸ் சர்க்கரையும் கூடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கலோரியைக் கூட்டவும் இதே தந்திரம்தான். அளவைக் கூட்டினால் தட்டைப் பார்த்ததுமே பசி போய்விடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அல்லது வெண்ணெய் சுமார் 40 கலோரி. ஒரு மேசைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய் 95 கலோரி, 4 கிராம் புரதம். கண்ணில் படாமல் கஞ்சியிலும் மசித்த உருளைக்கிழங்கிலும் கரைந்துவிடும். சூப்புக்கு ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்துக்கு ஏற்ற உணவு என்று தெளிவான சூப்பை ஒரு பெரிய கிண்ணம் கொடுத்தால் வயிறு நிரம்பும், சத்து ஏறாது. நீருக்காக என்றால் தெளிவாக இருக்கட்டும். உணவுக்குப் பதில் என்றால் பருப்போ முட்டையோ கோழியோ அரைத்துச் சேர்த்த கெட்டி சூப்பாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் பெரிய கப் எதுவும் வேண்டாம். பாக்கெட் சூப்களில் உப்பு மிக அதிகம். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பைச் சிறுநீரக நோயாளிகளும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொடக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

ருசி தெரியவில்லை என்று தட்டைத் தள்ளினால் உப்பைத் தேடுவதற்கு முன் எலுமிச்சை, மிளகு, பூண்டு, வறுத்த மணம் ஆகியவற்றை முயலுங்கள். சளியால் மூக்கு அடைத்திருந்தால் ருசியில் பெரும்பகுதி போய்விடும். சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன் உப்புநீர் மூக்குச் சொட்டு உதவும். சளிக்காகத் தாங்களாகவே வாங்கிப் போடும் க்ளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமின் போன்ற மாத்திரைகள் வாயை உலர்த்தும், தூக்கத்தில் தள்ளும், சிறுநீரை அடைக்கும், குழப்பத்தை உண்டாக்கும். வயதானவர்களுக்கு அவை வேண்டாம். பல் செட் லேசாக ஆடத் தொடங்கினால் அது எடை குறைவதன் அறிகுறியாக இருக்கலாம், அதுவே எடை இன்னும் குறையவும் காரணம். கண்புரை உள்ளவருக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு சரியாகத் தெரியாது. அடர்நிறத் தட்டுக்கு மாற்றிப் பாருங்கள். சாப்பிடும் அறை குளிராக இருந்தால் பாதியிலேயே உணவு ஆறிவிடும், மீதி தொடப்படாது. அறை குறைந்தது 18 டிகிரி இருக்கட்டும், தட்டை வெந்நீரில் கழுவித் துடைத்து வையுங்கள், பாதி பாதியாக இரண்டு தடவை சூடாகப் பரிமாறுங்கள்.

"உடம்புக்குச் சூடு" என்று கொஞ்சம் மது கொடுப்பவர்கள் உண்டு. மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. வெளியே கதகதப்பு, உள்ளே வெப்ப இழப்பு.

குடிக்கும்போது இருமல், குடித்தபின் குரல் கரகரத்து ஈரமாக ஒலிப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி: இவை விழுங்கும் கோளாறின் அடையாளங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடை சற்றுக் கீழே இருக்கும்படி, சிறு மிடறுகளாகக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாய்ந்து படுக்கவிடாதீர்கள். விழுங்கும் சிகிச்சையாளர் பார்க்காமல் நீங்களாகக் கெட்டிப்படுத்தும் பவுடர் கலக்க வேண்டாம். எந்த அளவுக்குக் கெட்டி என்பது ஆளுக்கு ஆள் மாறும். கெட்டியான பானம் பிடிக்காமல் இருக்கிற கொஞ்சத்தையும் குடிக்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வைட்டமின் டி: வயதான தோல் அதைக் குறைவாகவே தயாரிக்கிறது, ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது உருவாகவே ஆகாது. அமெரிக்கப் பரிந்துரை 70 வயதுக்கு மேல் தினம் 800 யூனிட். பிரிட்டன் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோருமே 400 யூனிட் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. தினசரிச் சிறு அளவுதான் நல்லது. மொத்தமாகப் பெரிய டோஸ் கொடுத்த சில ஆய்வுகளில் விழுவது கூடியது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ நீண்டநாள் எடுப்பவர்கள் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

மீந்த உணவை "வெளியே குளிர்தானே" என்று அடுப்படியிலேயே விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், இரண்டு நாளுக்குள் தீர வேண்டும், சூடாக்கும்போது நடுவரை ஆவி பறக்க வேண்டும். லிஸ்டீரியா கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். 65 வயதுக்கு மேல் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வாந்தி, பேதி வந்த நாள்களில் வெறும் நீரைவிட உப்பு-சர்க்கரைக் கரைசல் நல்லது. நீர் பிரிக்கும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், மெட்ஃபார்மின் முதலியவற்றில் எவற்றை அந்த நாள்களில் நிறுத்திவைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள். காய்ச்சல் வந்த இரவில் கேட்க ஆள் கிடைக்காது.

கம்பளி உடைக்குள் எடை குறைவது கண்ணில் படாது. மாதம் ஒருமுறை, காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில் எடை பாருங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதம், அதாவது அம்மாவுக்கு 2.75 கிலோ, காரணமில்லாமல் குறைந்தால் பரிசோதனை தேவை. மனச்சோர்வு, தைராய்டு, பல், மருந்து, புற்றுநோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர் தேக்கம். இதய நோயாளிகளுக்கு அதுவும் அவசரம்.

ஐந்து நாள்களுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு மட்டும் மேலே சொன்ன செறிவூட்டல் எதையும் உடனே செய்யாதீர்கள். திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். ரத்தப் பரிசோதனை செய்து, தேவையில் பாதிக்கு மேல் போகாமல், மருத்துவக் கண்காணிப்பில்தான் அவருக்கு உணவைத் தொடங்க வேண்டும்.